பிரஷர் இருப்பவர்கள் ரத்தப் பரிசோதனை மூலம் சிறுநீரகத்தைக் கண்காணிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிரஷருக்கு மாத்திரை சாப்பிடும் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். 52 வயதில் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு 0.7. அடுத்த வருடம் 0.9. அப்புறம் 55 வயதில் 1.1. ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் அளவு 0.6 முதல் 1.1 வரை. மூன்று முறையும் எண் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. "எல்லாம் நார்மல்" என்று கவரை மடித்து பீரோவில் வைத்துவிடுவார்கள்.

அதே மூன்று எண்களை, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் கணக்கில் போட்டுப் பாருங்கள். 104, 76, 59 என்று வரும். மூன்றே வருடத்தில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. ஒரு ரிப்போர்ட்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். எந்தப் பரிசோதனையைக் கேட்பது, எப்படிப் போய்க் கொடுப்பது, வந்த எண்களை எப்படி வரிசைப்படுத்திப் படிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டர் வேலை. ஆனால் சரியான கேள்வியோடு அவர் முன் உட்காருவது நம் கையில் இருக்கிறது.

பிரஷருக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு உறுப்புகளுக்கே போகிறது. பிரஷர் பல வருடங்கள் கட்டுக்கடங்காமல் இருந்தால், வடிகட்டிகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களின் சுவர் தடித்து, உள்வழி குறுகிவிடும். வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பேறிச் செயலிழக்கும். சிறுநீரகம் கெட்டால் உப்பும் நீரும் உடம்பில் தங்கி பிரஷர் இன்னும் ஏறும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழல் இது.

இதில் வலி கிடையாது. முகம் வீங்குவது, கால் வீங்குவது, சாப்பாடு பிடிக்காமல் போவது எல்லாம் பெரும்பாலும் ரொம்பத் தள்ளி வரும் அறிகுறிகள். அதனால்தான் உடம்பு நன்றாக இருக்கும்போதே பரிசோதனை செய்ய வேண்டியிருக்கிறது.

படி 1: என்னென்ன பரிசோதனை என்று கேட்டு வாங்குங்கள்

லேபில் ஆர்எஃப்டி அல்லது கேஎஃப்டி என்று சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்க்கும் ஒரு தொகுப்பு இருக்கும். எல்லா லேபிலும் அதற்குள் ஒரே பரிசோதனைகள் இருக்காது. சில இடங்களில் யூரியா, கிரியேட்டினின், யூரிக் ஆசிட் மூன்றோடு முடிந்துவிடும். சோடியமும் பொட்டாசியமும் வேண்டுமென்றால் எலக்ட்ரோலைட்ஸ் என்று தனியாகக் கேட்க வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த இரண்டும் கட்டாயம் தேவை.

ஆக, வருடாந்திரப் பரிசோதனைக்கு வேண்டியவை கிரியேட்டினின், அதிலிருந்து கணக்கிட்ட இ-ஜிஎஃப்ஆர் (மேலே சொன்ன வடிகட்டும் திறன்), யூரியா, சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின். இவற்றோடு, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் ஏசிஆர் என்ற ஒரு பரிசோதனையும் உண்டு. ரத்தப் பரிசோதனை பற்றிய கட்டுரையில் சிறுநீர் எதற்கு என்று தோன்றலாம். அது இல்லாமல் ரத்தப் பரிசோதனை பாதிக் கதைதான் சொல்லும். அதற்குப் படி 6இல் வருகிறேன்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மிக நல்ல விஷயம். ஆனால் மாத்திரை வாசலுக்கே வந்துவிடுவதால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பழக்கம் விட்டுப்போகிறது. மாத்திரை கொண்டுவருபவரிடமே, "கிரியேட்டினின் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்றைக்கு வரணும்?" என்று கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ரத்தம் கொடுப்பதற்கு முன்

கிரியேட்டினினுக்கும் பொட்டாசியத்துக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பதால்தான் காலையில் சாப்பிடாமல் வரச் சொல்கிறார்கள். சாப்பிடாமல் என்றால் தண்ணீரும் குடிக்காமல் என்று நினைத்துக்கொண்டு, முந்தின இரவு எட்டு மணியிலிருந்து நா வறண்டு வருபவர்கள் உண்டு. அப்படி வந்தால் யூரியா தேவையில்லாமல் ஏறிக் காட்டும், கிரியேட்டினினும் கொஞ்சம் கூடலாம். டாக்டர் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, வழக்கமாகக் குடிக்கும் தண்ணீரைக் குடியுங்கள். பிரஷர் மாத்திரையையும் வேறு மாதிரி சொல்லப்படாவிட்டால் வழக்கப்படி போடுங்கள்.

முந்தின நாள் இரவு ஆட்டுக்கறி, கோழி, மீன் வேண்டாம். சமைத்த இறைச்சியில் இருக்கும் கிரியேட்டினின் ரத்தத்தில் சேர்ந்து சில மணி நேரத்துக்கு அளவைக் கூட்டிக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலையில் லேபுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஜிம்முக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் கடுமையான பயிற்சியைத் தவிர்ப்பது நல்லது. கிரியேட்டின் பவுடர் சாப்பிடுகிற பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல், கொழுப்புக்குத் தரும் ஃபெனோஃபைப்ரேட் போன்றவையும் கிரியேட்டினினை ஏற்றிக் காட்டும்.

ரத்தம் எடுக்கும்போது கையைத் திரும்பத் திரும்ப மூடி மூடித் திறக்கச் சொல்வார்கள். ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி வெகுநேரம் வைத்திருப்பார்கள். இரண்டுமே பொட்டாசியத்தைப் பொய்யாக ஏற்றும். ஒருமுறை மெதுவாக மூடிவைத்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எப்போதும் ஒரே லேபுக்குப் போங்கள். கிரியேட்டினினை அளக்க இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று 1886இல் மாக்ஸ் யாஃபே கண்டுபிடித்த வேதிவினையை அடிப்படையாகக் கொண்டது, விலை குறைவு. மற்றொன்று என்சைம் முறை. யாஃபே முறையில் ரத்தத்திலுள்ள வேறு சில பொருள்களும் கணக்கில் கலந்துவிடலாம், உதாரணத்துக்குக் கட்டுப்பாடில்லாத சர்க்கரை. ஆகவே ஒரு லேபின் 0.9ஐயும் இன்னொரு லேபின் 1.1ஐயும் பக்கத்தில் வைத்து "ஏறிவிட்டது" என்று பயப்படுவதில் அர்த்தமில்லை. ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் பெயருக்குக் கீழே எந்த முறை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், பாருங்கள்.

படி 3: கிரியேட்டினினை இ-ஜிஎஃப்ஆர் ஆக மாற்றிப் படியுங்கள்

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை அதிகம் இருப்பவருக்கு அளவு இயல்பாகவே கூடுதல். மெலிந்த உடம்புக்காரருக்குக் குறைவு. வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. 28 வயது ஆண் ஒருவருக்கு 1.2 என்றால் வடிகட்டும் திறன் சுமார் 84. 65 வயதுப் பெண் ஒருவருக்கு அதே 1.2 என்றால் சுமார் 50. முதலாமவர் அநேகமாக நன்றாக இருக்கிறார். இரண்டாமவருக்கு மேற்கொண்டு பரிசோதனை தேவை.

இந்தக் கணக்கைக் கையால் போட வேண்டாம். சிகேடி-இபிஐ 2021 என்ற சூத்திரத்தை இணையத்தில் தேடினால் கணிப்பான் கிடைக்கும். கிரியேட்டினின், வயது, பாலினம் மூன்றையும் கொடுத்தால் போதும். பல லேப்கள் ரிப்போர்ட்டிலேயே அச்சிடுகின்றன. பழைய ரிப்போர்ட்டுகளில் வேறு சூத்திரம் போட்டிருக்கலாம் என்பதால், எல்லா வருடத்து கிரியேட்டினினையும் ஒரே கணிப்பானில் புதிதாகப் போட்டு ஒப்பிடுங்கள்.

எண்ணைப் படிப்பது இப்படி. 90க்கு மேல் இயல்பு. 60 முதல் 89 வரை இருந்து, சிறுநீரில் புரதமும் வேறு கோளாறும் இல்லையென்றால் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்வதில்லை. 60க்குக் கீழே போய், மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நின்றால்தான் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். அதிலும் 45 முதல் 59 வரை ஒரு நிலை, 30 முதல் 44 வரை அடுத்தது, 15 முதல் 29 வரை தீவிரம், 15க்குக் கீழே என்றால் டயாலிசிஸ் அல்லது மாற்று சிறுநீரகம் பற்றிப் பேச வேண்டிய கட்டம்.

அந்த மூன்று மாதக் கணக்கை மறக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வெயிலில் நீர் வற்றியது என்று எத்தனையோ காரணத்தால் ஒருமுறை 55 வரலாம். ஒரே ரிப்போர்ட்டைப் பார்த்து "கிட்னி போச்சு" என்று வீட்டில் அழுகை கிளப்ப வேண்டாம். ஒரேயடியாக இறங்கியிருந்தால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்காமல் சில நாட்களிலேயே திரும்பப் பார்க்க வேண்டும், அது திடீர்ப் பாதிப்பாக இருக்கலாம்.

நாற்பது வயதுக்கு மேல் வருடத்துக்கு ஏறக்குறைய 1 குறைவது வயதின் போக்கு. தொடர்ந்து வருடத்துக்கு 5க்கு மேல் இறங்கினால் அது வேகமான சரிவு. எண் இன்னும் 70இல் இருந்தாலும் டாக்டரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

கை கால் இழந்தவர்கள், படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்கள், உடற்பயிற்சியால் தசை பெருத்தவர்கள் ஆகியோருக்கு கிரியேட்டினின் கணக்கு தப்பாகப் போகும். எலும்பும் தோலுமான ஒரு பாட்டிக்கு 0.8 வந்தால் அது நல்ல எண் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. இவர்களுக்கு சிஸ்டாடின்-சி என்ற வேறொரு ரத்தப் பரிசோதனை உண்டு. விலை கூடுதல்தான், ஆனால் சந்தேகம் தீரும். கர்ப்பிணிகளுக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது. அவர்கள் விஷயத்தை மகப்பேறு மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

யூரியாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் குறைந்தாலும் ஏறும், புரதம் நிறையச் சாப்பிட்டாலும் ஏறும், குடலில் ரத்தக் கசிவு இருந்தாலும் ஏறும். கிரியேட்டினின் அசையாமல் யூரியா மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தால் முதலில் தண்ணீரைப் பற்றி யோசியுங்கள். சில லேப்கள் யூரியாவுக்குப் பதிலாக, அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் பியுஎன் என்று கொடுக்கும். அதை 2.14ஆல் பெருக்கினால் யூரியா வரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பாதியாகக் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டாம்.

படி 4: பொட்டாசியத்தைத் தனியாகக் கவனியுங்கள்

கிரியேட்டினின் மெதுவாகக் கெடுதல் செய்வதைக் காட்டுகிறது. பொட்டாசியம் ஒரே நாளில் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். 3.5 முதல் 5.0 வரை இயல்பு. 5.5ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும். 6ஐத் தாண்டினால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுக்க வேண்டும்.

ஏறுவதற்கு மாத்திரையே காரணமாக இருக்கலாம். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவை சிறுநீரகத்தைக் காக்கும் நல்ல மருந்துகள். ஆனால் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் குணமும் அவற்றுக்கு உண்டு. ஸ்பைரனோலாக்டோன் அதைவிடக் கூடுதலாகத் தக்கவைக்கும். மறுபக்கம் ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகள் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் இறக்கிவிடும். வயதானவர் நீர் மாத்திரை ஆரம்பித்த பிறகு தடுமாறுகிறார், பேச்சு குழறுகிறது, பகலெல்லாம் தூங்குகிறார் என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் சோடியத்தைப் பாருங்கள். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது அது.

கடையில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. சிறுநீரகம் நன்றாக இருக்கும் பிரஷர்காரருக்கு அது நல்லதுதான். இ-ஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே இருந்தாலோ மேலே சொன்ன தக்கவைக்கும் மாத்திரைகளைச் சாப்பிட்டாலோ, டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். இளநீரும் அப்படியே. "உடம்புக்குக் குளிர்ச்சி, கிட்னிக்கு நல்லது" என்று சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருப்பவருக்கு தினமும் இரண்டு இளநீர் கொடுக்கும் பிள்ளைகள் பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய. பொட்டாசியம் இயல்பாக இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாழைப்பழத்தையும் கீரையையும் ஒதுக்க வேண்டியதில்லை. ரத்தத்தில் ஏறியிருப்பவர்களுக்குத்தான் கட்டுப்பாடு.

பொட்டாசியம் திடீரென்று உயர்ந்து, ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைஸ்டு சாம்பிள்' என்று குறிப்பும் இருந்தால், எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து அவற்றுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே வந்திருக்கிறது என்று பொருள். தாமதிக்காமல் திரும்ப ரத்தம் கொடுங்கள்.

படி 5: புது மாத்திரை ஆரம்பித்தால் திரும்பவும் பாருங்கள்

நடைமுறையில் அதிகம் விட்டுப்போகிற படி இதுதான். டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் வகை மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன் ஒருமுறை, ஆரம்பித்த இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஒருமுறை, டோஸ் கூட்டும்போதெல்லாம் அதேபோல் ஒருமுறை கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கும். இந்த மருந்துகள் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துத்தான் அதைக் காக்கின்றன. அழுத்தம் குறைந்தால் வடியும் அளவும் முதலில் சற்றுக் குறையும். ஏற்றம் 30 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக மருந்தைத் தொடர்வார்கள். 1.0 இருந்தது 1.2 ஆனால் 20 சதவீதம், கவலையில்லை. 1.5 ஆனால் 50 சதவீதம், உடனே டாக்டரிடம் போக வேண்டும். நீர்ச்சத்து குறைவா, வலி மாத்திரையா, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பா என்று அவர் பார்ப்பார்.

இதைத் தெரிந்துகொள்ளாமல், "இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்குது" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டுத் தானாகவே நிறுத்துபவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. மாத்திரையை நிறுத்தினால் கிரியேட்டினின் 1.2லிருந்து 1.0க்கு இறங்கி ஒரு ரிப்போர்ட்டுக்கு அழகாகத் தெரியும். பிரஷர் 170க்குப் போய் உள்ளே வேலையைக் காட்டும். சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் இப்போது தரப்படும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரைகளும் ஆரம்பத்தில் இதே மாதிரி ஒரு சிறு இறக்கத்தைக் காட்டும்.

உண்மையில் கெடுப்பது எது என்றால், மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென். பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே சமயத்தில் உள்ளே போனால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடும் அபாயம் உண்டு. அதேபோல ஆடுதின்னாப்பாளை சேர்ந்த நாட்டு மருந்து வேண்டவே வேண்டாம். அந்தச் செடியிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும் என்பது நிரூபணமானது.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடம்பு வற்றிய நாட்களில் எந்தெந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, ஒரு சீட்டில் எழுதி மாத்திரை டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள். அப்படி ஒரு நோய் வந்து போனால், தேறிய பிறகு கிரியேட்டினினை ஒருமுறை பாருங்கள்.

படி 6: சிறுநீரையும் சேர்த்துக் கொடுங்கள்

வடிகட்டிகளில் கணிசமான பகுதி போன பிறகுதான் கிரியேட்டினின் எல்லை தாண்டும். அதுவரை மீதியுள்ளவை கூடுதல் சுமையை இழுத்துச் சமாளிக்கின்றன. வடிகட்டி பழுதாகத் தொடங்கியதுமே ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிய ஆரம்பிக்கும். ஏசிஆர் அதைத்தான் அளக்கிறது. 30க்குக் கீழே இயல்பு, 30 முதல் 300 வரை எச்சரிக்கை, 300க்கு மேல் தீவிரக் கசிவு. காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் சிறந்தது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் நாட்களில் கொடுக்க வேண்டாம். ஒருமுறை கூடுதலாக வந்தால், மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பார்த்து, மூன்றில் இரண்டு கூடுதலாக இருந்தால்தான் உறுதி.

சென்னையின் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில் வீடு வீடாகப் பிரஷரையும் சிறுநீரையும் பார்த்து, விலை மலிந்த மாத்திரைகளாலேயே சிறுநீரகச் செயலிழப்பைத் தடுக்கும் திட்டத்தை 1990களின் பிற்பகுதியிலேயே நடத்திக் காட்டினார். பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. இன்றைக்கு நகரத்தில் ஆயிரக்கணக்கில் செலவழித்து முழு உடல் பரிசோதனை செய்துகொள்கிறவர்கள்கூட ஏசிஆரை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

படி 7: எத்தனை மாதத்துக்கு ஒருமுறை

இ-ஜிஎஃப்ஆர் 60க்கு மேல், ஏசிஆர் 30க்குக் கீழே, மாத்திரையில் மாற்றமில்லை என்றால் வருடத்துக்கு ஒருமுறை போதும். 45 முதல் 59 வரை இருந்து புரதம் கசியாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை, கசிந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 30 முதல் 44 வரை என்றால் நான்கு முதல் ஆறு மாதம். 30க்குக் கீழே மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை. 60க்குக் கீழே போனவர்களுக்கு ஹீமோகுளோபின் முக்கியம், ஏனென்றால் சிறுநீரகம் சுரக்கும் ஹார்மோன் குறைந்தால் ரத்தசோகை வரும். இன்னும் இறங்கும்போது கால்சியம், பாஸ்பரஸ், பைகார்பனேட் ஆகியவற்றையும் டாக்டர் சேர்ப்பார்.

படி 8: ஒரு நோட்டுப் போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, லேப், கிரியேட்டினின், இ-ஜிஎஃப்ஆர், பொட்டாசியம், சோடியம், ஏசிஆர், அன்றைய பிரஷர் என்று கட்டம் போடுங்கள். கடைசிக் கட்டம் அகலமாக இருக்கட்டும். அதில்தான் "டெல்மிசார்ட்டன் 40 ஆரம்பித்து மூன்று வாரம்", "போன வாரம் வயிற்றுப்போக்கு", "முழங்கால் வலிக்கு ஐந்து நாள் ஊசி" என்று எழுத வேண்டும். எண் ஏன் மாறியது என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் கிடைக்கும். ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும் இந்த ஒரு பக்கத்தை நீட்டினால், ஐந்து வருடக் கதையை அவர் அரை நிமிடத்தில் படித்துவிடுவார்.

படி 9: சிறுநீரக மருத்துவரிடம் எப்போது

இ-ஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே, ஏசிஆர் 300க்கு மேல், வருடத்துக்கு 5க்கு மேல் தொடர் இறக்கம், அடங்காத பொட்டாசியம், சிறுநீரில் ரத்தம், நான்கு வகை மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே நெஃப்ராலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், உங்கள் டாக்டரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டு, கடைசி இரண்டு ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், இருந்தால் வயிற்று ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

சிறுநீர் திடீரென்று வெகுவாகக் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடப்போடு கை கால் துவண்டாலோ ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் 108க்குக் கூப்பிடுங்கள்.